வீட்டு மெஷினில் ரான்சம்வேர்: ஃபார்மேட் போடாததால் பாதி பிழைத்தது

ஃபோல்டரில் தெரிந்த ஃபோட்டோக்கள் எல்லாம் வெள்ளைக் காகித ஐகானாக மாறி நின்றன. ஒவ்வொரு பெயரிலும் ஜேபிஜி-க்குப் பிறகு இன்னொரு புள்ளி, நான்கு எழுத்தில் ஒரு புது வால். ஃபோல்டருக்கு ஒன்றாக ‘_ரீட்மீ’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் 490, சாம்பிளுக்கு ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து தருகிறோம் என்று அதில் இருந்தது. இந்தத் தொகையும் இந்தக் கெடுவும் இந்தப் பெயரும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் அது ஸ்டாப் அல்லது டிஜேவியு எனப்படும் ரான்சம்வேர் குடும்பம், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். பெரும்பாலும் வீட்டு மெஷின்களில்தான் விழும். வரும் வழியும் பெரும்பாலும் ஒன்றுதான்: கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் என்று காசு கட்டாமல் சாஃப்ட்வேரை ஓட்ட வைக்கும் திருட்டு டூல்கள். இங்கே வந்தது ஆஃபீஸ் ஆக்டிவேட்டர் வழியாக. ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்’ என்று அதோடு ஒரு குறிப்பும் இருந்தது. அப்படிச் சொல்லும் எதையும் தொடவே கூடாது.

பூட்டிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் அப்டேட் போலவே ஒரு ஜன்னல் திறந்து சதவீதம் ஏறும். ஹார்ட் டிஸ்க் லைட் நிற்காமல் மினுக்குவது அப்டேட்டால்தான் என்று நம்பிக் காத்திருந்ததில் இருபது நிமிடம் போனது. அந்த இருபது நிமிடத்தில்தான் பாதி ஃபோட்டோ போயிற்று. அப்டேட் நீங்கள் கேட்காமல் தனி ஜன்னலில் சதவீதம் காட்டினால் யோசிக்கவே வேண்டாம், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. நெட் கேபிளைப் பிடுங்கிய பிறகு, எது தப்பியது என்று ஒப்பிட்டுப் பார்க்க பேக்கப் ஹார்ட் டிஸ்கை அதே மெஷினில் செருகியாயிற்று. இந்த வைரஸ், குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ‘டைம் ட்ரிக்கர் டாஸ்க்’ என்ற பெயரில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே கிளப்பிக்கொள்ளும். செருகிய டிஸ்கிலும் கண் முன்னே வால் முளைத்தது. மெஷின் சுத்தமாகிவிட்டது என்று உறுதியாகும் வரை பென் டிரைவ், போன், மெமரி கார்டு எதையும் செருகாதீர்கள்.

சர்வீஸ் கடையில் பார்த்த உடனே சொன்னது: “ஃபார்மேட் போட்டுத் தரேன் சார், டேட்டா போனது போனதுதான்.” இன்னொரு இடத்தில் நாற்பதாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் மீட்டுத் தருவதாக உறுதி சொன்னார்கள். எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டையும் நம்பாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தது நல்லதாயிற்று. வைரஸை நீக்குவது வேறு வேலை, ஃபைலைத் திறப்பது வேறு வேலை. ஆன்டிவைரஸ் வைரஸைக் கொல்லும், பூட்டைத் திறக்காது. பூட்டிய ஃபைல்களையும் அந்தக் குறிப்பையும் அழித்துவிட்டால் பிறகு திறக்க வழி வந்தாலும் திறப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் சுத்தம் செய்வதற்கு முன்னால் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி சாட்டா கேபிளில் லினக்ஸ் மெஷின் ஒன்றோடு இணைத்து முழுவதையும் க்ளோன், அதாவது அப்படியே ஒரு பிரதி, எடுத்தோம். 500 ஜிபி, பழைய யூஎஸ்பி 2 போர்ட், ஐந்து மணி நேரம். அலுப்புதான், ஆனால் தைரியமாகக் கை வைக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

சுத்தம் செய்யும் வேலை சுலபமாகவே முடிந்தது. சேஃப் மோடில் அந்த டாஸ்கை அழித்து, விண்டோஸ் திறந்ததும் தானாக ஓட வேண்டியவை பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் இருந்த ‘சிஸ்ஹெல்பர்’ வரியை நீக்கி, லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைத் தூக்கி, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினால் கால் மணி நேரம். பிறகு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை டெஸ்க்டாப்பில் வைத்து ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம். வால் முளைக்கவில்லை.

ஆனால் எந்த ஆன்டிவைரஸ் தளமும் திறக்கவில்லை. நெட் இருக்கிறது, மற்ற தளங்கள் வருகின்றன, உதவி கிடைக்கும் தளங்கள் மட்டும் வராது. அரை நாள் ரவுட்டரைக் குறை சொல்லிக்கொண்டு வீணாயிற்று. காரணம் ஹோஸ்ட்ஸ் ஃபைல், எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று மெஷின் முதலில் பார்க்கும் பட்டியல். சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் அதை நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பார்த்தால் பாதுகாப்புத் தளங்களின் பெயர்கள் வரிசையாக 127.0.0.1-க்கு, அதாவது இதே மெஷினுக்கே, திருப்பப்பட்டிருந்தன. ஷார்ப் குறி இல்லாத அந்த வரிகளை எல்லாம் அழித்ததும் சரியாயிற்று.

இனி பூட்டு. 2016-ல் நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், குறிப்பையும் ஒரு பூட்டிய ஃபைலையும் ஏற்றினால் எந்தக் குடும்பம், டூல் இருக்கிறதா என்று சொல்லிவிடும். டிஜேவியுக்கு எம்ஸிசாஃப்ட் நிறுவனத்தின் இலவச டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கும் டூல், இருக்கிறது. அதை ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: சி டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ ஃபோல்டர், அதற்குள் ‘பர்சனல்ஐடி’ ஃபைல். அதில் உள்ள நீண்ட ஐடி ‘டி1’ என்று முடிந்தால், அதாவது ஆங்கிலச் சிறிய எழுத்து ‘t’, பிறகு எண் ஒன்று, அது ஆஃப்லைன் ஐடி. வைரஸால் தன் சர்வரைத் தொட முடியாதபோது தன்னிடமே உள்ள பொதுச் சாவியைப் போடும். அந்தச் சாவி அந்த ரகத்தில் மாட்டிய எல்லாருக்கும் ஒன்றுதான், யாரோ ஒருவர் மூலம் வெளியே வந்துவிட்டால் எல்லாருக்கும் திறக்கும். வேறு எப்படி முடிந்தாலும் ஆன்லைன் ஐடி. உங்களுக்கென்றே தனிச் சாவி, அது அவர்களிடம் மட்டும். ஆகஸ்ட் 2019-க்குப் பிறகு வந்த ரகங்களில் ஆர்எஸ்ஏ எனப்படும் வலுவான பூட்டு என்பதால் அதை உடைக்க முடியாது.

இந்த மெஷினில் அந்த ஃபைலில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி ஆன்லைன். இரண்டாவது வரி ‘டி1’! நெட்டைப் பிடுங்கிய பிறகு செருகிய பேக்கப் டிஸ்க் ஆஃப்லைன் சாவியில்தான் பூட்டப்பட்டிருந்தது. எந்தத் தவறுக்காக இரண்டு நாள் தூங்காமல் கிடந்தோமோ, அந்த டிஸ்க் முழுக்கத் திறந்தது. டிக்ரிப்டருக்கு ஓடும்போது நெட் வேண்டும், சாவியை அங்கிருந்துதான் எடுக்கிறது. ‘பூட்டிய ஃபைல்களை வைத்திரு’ என்ற ஆப்ஷனில் உள்ள டிக்கை நீக்கவே நீக்காதீர்கள். இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், பரவாயில்லை.

பேக்கப் ஆறு மாதம் பழையது. இடைப்பட்ட ஆறு மாதத்துக்கு வேறு வழிகள். டிஜேவியு ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டும். சின்ன வேர்டு ஃபைல், எக்செல் எல்லாம் அதோடு முடிந்தது. பெரிய ஜிப் ஃபைல்களில் வாலை நீக்கிவிட்டு 7-ஜிப்பில் திறந்தால் முதலில் உள்ள ஓரிரு ஃபைல்கள் தவிர மற்றவை வந்தன. எம்பி4 வீடியோக்களுக்கு ‘மீடியா ரிப்பேர்’ என்ற இலவச டூல். அதற்கு அதே போனில், அதே ரெசல்யூஷனில் எடுத்த ஒரு நல்ல வீடியோ மாதிரிக்கு வேண்டும். வேறு போனின் வீடியோவைக் கொடுத்தால் பச்சையும் ஊதாவுமாகத்தான் வரும்.

ஃபோட்டோக்களை மீட்டுத் தந்தது கேமராவின் பழைய மெமரி கார்டு. கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் கார்டில் அழித்துவிடுகிறோம், ஆனால் மேலே புதிதாக எழுதாதவரை படம் உள்ளேயே கிடக்கும். வேறு மெஷினில் ஃபோட்டோரெக் என்ற, அழித்த படங்களை மீட்கும் டூலைக் கார்டின்மேல் ஓட்டியதில் சுமார் எண்ணூறு படங்கள் எழுந்து வந்தன, பெயர்கள் மட்டும் போயிருந்தன. மெஷினின் டிஸ்க் எஸ்எஸ்டி என்றால் அதன்மேல் இதை ஓட்டிப் பலன் குறைவு. கூகுள் டிரைவ் சிங்க் ஆகி அங்கேயும் பூட்டிய பிரதிதான் போயிருந்தால், 30 நாளுக்குள் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போய் முந்தைய பிரதியை எடுக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும்.

புகாருக்கு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால் பணம் போயிற்றா என்றுதான் முதலில் கேட்பார்கள். பணம் கட்டவில்லை என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நேரடியாகப் பதிந்துவிடுங்கள். குறிப்பின் பிரதியும் ஸ்கிரீன்ஷாட்டும் போதும்.

பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள். டிஜேவியுவோடு பாஸ்வேர்டு திருடும் வைரஸும் சேர்ந்தே வருவது வழக்கம். பிரவுசரில் சேமித்திருந்த எல்லாவற்றையும், ஜிமெயிலில் தொடங்கி பேங்க் வரை, வேறு மெஷினிலிருந்து மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் லாக்அவுட் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு லாக்அவுட்டை விட்டதில் இன்ஸ்டாகிராம் கணக்கில் மூன்றாம் நாள் யாரோ நுழைந்துவிட்டார்கள்.

திறக்காத ஃபைல்கள் க்ளோன் டிஸ்கிலேயே இருக்கின்றன. இரண்டு ஐடியையும் அந்த நான்கெழுத்து வாலையும் ஸ்டிக்கரில் எழுதி மேலே ஒட்டி, பீரோவில் வைத்திருக்கிறோம்.