அந்தப் பக்கத்து இடைவெளி

ஸ்டியரிங் பக்கம் மாறினால் கைதான் தடுமாறும் என்று பலரும் நினைக்கிறார்கள். தடுமாறும், உண்மைதான். வலப்பக்க ஸ்டியரிங்கில் பழகியவர் இடப்பக்க ஸ்டியரிங் காரில் ஏறினால், கியரைத் தேடும் இடது கை கதவில் இடிக்கும். உள் கண்ணாடியைத் தேடிக் கண் இடது பக்கம் போகும், அது வலது பக்கம் இருக்கும். பல கார்களில் இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஓடும். முன்பு உடம்பை விட்டுத் தள்ளிப் போட்ட முதல் கியரை, இங்கே உடம்பை நோக்கி இழுத்துப் போட வேண்டும். ஆனால் இதெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும். காலுக்கு அந்தச் சிரமமும் இல்லை. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

லேசில் மாறாதது, காரின் அகலத்தைப் பற்றி உடம்பு வைத்திருக்கும் கணக்கு. பழகின வாசலில் இருட்டிலும் தோள் இடிக்காமல் நுழைகிறோமே, அந்த மாதிரி அறிவு அது. வலப்பக்கம் உட்கார்ந்தே ஓட்டியவருக்குத் தன் வலது தோளுக்கு வெளியே கார் கொஞ்சம்தான் நீளும் என்று தெரியும். இடப்பக்கம் மாறி உட்கார்ந்த பிறகும், தான் சாலையில் எந்த இடத்தில் இருந்தாரோ அதே இடத்தில் தன் உடம்பைக் கொண்டுபோய் வைப்பார். மீதிக் கார் முழுவதும் வலது பக்கம் தள்ளிப்போகும். அதனால்தான் புதிதாக மாறியவர்கள் தங்களுக்கே தெரியாமல் அடுத்த இருக்கை இருக்கும் பக்கமாக ஒதுங்குகிறார்கள்.

பந்தயத்தில் இது இன்னும் கடினம். இடப்பக்க ஸ்டியரிங்கில், இடது வளைவின் ஏபெக்ஸில், அதாவது கார் உள் ஓரத்தை மிக நெருங்கும் புள்ளியில், இருக்கும் கெர்ப் (தடத்தின் ஓரக் கட்டை) நம் பக்கத்திலேயே இருக்கிறது. வலது வளைவில் அது காரின் முழு அகலத்துக்கும் அப்பால், பானெட்டுக்கும் முன்கண்ணாடித் தூணுக்கும் பின்னால் மறைகிறது. கடிகாரச் சுற்றில் ஓடும் தடங்களில் வலது வளைவுகள்தான் அதிகம். பிரான்சின் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய ஃபோர்டு ஜிடி40, போர்ஷே 917 இரண்டிலும் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்து, வலது கையால் கியர் போட்டார். ஓட்டுநரின் எடையும் பார்வையும் வளைவின் உட்பக்கம் இருப்பது லாபம். எங்களுடையது சாலைக் காரிலிருந்து செய்த, இடப்பக்க ஸ்டியரிங் பந்தயக் கார். தொழிற்சாலை இருக்கையை எங்கே வைத்ததோ அங்கேதான் உட்கார வேண்டும்.

அந்தப் பையன் அதுவரை வலப்பக்க ஸ்டியரிங்கில் மட்டுமே பந்தயம் ஓட்டியவன். அணியில் ஒரு இடத்துக்காக எங்கள் காரைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தான். பயிற்சியாளராக நான் அவனிடம், “வலது வளைவுல எல்லாம் கெர்ப்லேர்ந்து ஒரு டயர் அகலம் விட்டுப் போ” என்றேன். அந்தத் தடத்தில் ஒரு வலது வளைவின் உட்பக்கம் சுவர் ஒட்டியே வரும்.

“சரிண்ணா. அந்த இடத்தை நான் எப்போ திரும்ப எடுத்துக்கறது?” என்று கேட்டான்.

“தானா தெரியும்” என்றேன்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் வந்தது. ஒரு நாள் வலது முன் டயர் எங்கே இருக்கிறது என்று யோசிக்காமலே தெரிந்தது. ஆனால் அதற்கு எனக்கு ஒரு சீசன் முழுவதும் கிடைத்திருந்தது. அவனுக்கு ஒரே ஒரு சோதனை ஓட்டம்.

சொன்னதை அவன் அப்படியே செய்தான். காரில் ஒரு கீறல் இல்லை. காரில் பதிவான டேட்டாவைப் பார்த்தால் இடது வளைவுகளில் எங்கள் வழக்கமான ஓட்டுநருக்குச் சமமாக இருந்தான். வலது வளைவுகளில் எல்லாம் குறைந்தபட்ச வேகம் கீழே இருந்தது. ஏபெக்ஸில் இடம் விட்டால் வளைவு இன்னும் இறுகும், வேகம் இறங்கும், அதில் வியப்பில்லை. அணியில் இருந்த இடம் வேறொருவருக்குப் போனது. “பையன் பத்திரமா ஓட்டினான்” என்றார் மேலாளர்.

பத்திரமாக ஓட்டச் சொன்னவன் நான். சுவரில் மோதியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும், அடுத்த வாய்ப்பும் சுலபத்தில் வந்திருக்காது. அதனால் சொன்னது சரி என்றே இன்றும் வாதிடுவேன். இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஷேன் வான் கிஸ்பெர்கனைச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் சூப்பர்கார்ஸ் பந்தயத் தொடரில் வலப்பக்கம் உட்கார்ந்து இடது கையால் கியர் போட்டவர், 2023இல் சிகாகோ தெருத் தடத்தில் அமெரிக்காவின் நாஸ்கார் தொடரில், இடப்பக்க ஸ்டியரிங் காரில் தன் முதல் பந்தயத்திலேயே வென்றார். ஈரத் தடம், இரு பக்கமும் சுவர். சூப்பர்கார்ஸ் பட்டத்தை மூன்று முறை வென்றவரோடு ஒரு புதுப் பையனை ஒப்பிடுவது நியாயமா என்று நான் திருப்பிக் கேட்பேன். நியாயமில்லைதான். ஆனாலும் அந்தக் கேள்வியால் என் மனம் சமாதானம் ஆவதில்லை.

அப்புறம் புதியவர்களுடன் கோன் (சாலையில் வைக்கும் கூம்பு) வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஓட்டுநர் இல்லாத பக்கத்தில் கோன் வைத்து, டயர் அதைத் தொடும் அளவுக்கு ஒட்டிப் போகச் சொல்வேன். இறங்கிப் பார்த்தால் நடுவில் தாராளமாக இடம் இருக்கும். நேர்ப்பாதையில் தெரியாமல் அந்தப் பக்கம் ஒதுங்குகிறவர்கள்தான், வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகச் சொன்னால் தயங்குகிறார்கள். அப்படியானால் அந்தப் பையனும் ஏற்கெனவே பயத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பான். அதற்கு மேல் நான் ஒரு டயர் அகலம் கூட்டினேனோ?

கோன் பயிற்சி மெதுவான வேகத்துக்குத்தான் உதவும். வேகத்தில் பின்பக்கம் சறுக்கும்போது கார் அடைக்கும் அகலமே வேறு. அதனால் டயர் அகலம் விடச் சொல்வதை நான் நிறுத்தவில்லை. சிலரிடம் மட்டும், “மதிய ஓட்டத்துல கெர்பைத் தொடலாம், சுவர் இருக்கற வளைவை மட்டும் விட்டுடு” என்று சேர்த்துச் சொல்கிறேன். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பதைக் காலை டேட்டாவையும் ஆளின் முகத்தையும் பார்த்து முடிவு செய்கிறேன். டேட்டாவை விட முகத்தைத்தான் அதிகம் நம்புகிறேன். அது சரியான முறையா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.