பெர்ஃப் சிக்னல் ஒருவழியா சரியான த்ரெட்டுக்கே வந்துடுச்சு

மூணு வாரமா இழுத்தடிச்ச வேலை நேத்து ராத்திரி முடிஞ்சுது. லினக்ஸ்ல 4 வொர்க்கர் த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள தனித்தனியா ஓடுற வேலைகள்), ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு பெர்ஃப் ஈவென்ட் (சிபியூ பண்றதை எண்ணுற கெர்னல் கவுன்டர்), 10 லட்சம் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடினதும் ஓடின த்ரெட்டுக்கே சிக்னல் (கெர்னல் குறுக்கிட்டு அனுப்புற அறிவிப்பு) வரணும், நான் கேட்டது இவ்ளோதான்.

முதல் நாளே ப்ரோக்ராம் பொசுக்குன்னு செத்துப் போச்சு, டெர்மினல்ல "ஐ/ஓ பாசிபிள்"னு ஒரே ஒரு வரி. டிஸ்க் பிரச்சனையோன்னு ஒரு மணி நேரம் அங்கேயே தேடினேன். ஆனா அது சிக்-ஐஓங்கிற சிக்னல், அதை யாரும் பிடிக்கலன்னா ப்ராசஸையே முடிச்சுடும், சாகும்போது ஷெல் போடுற மெசேஜ்தான் அது. சிக்னல் அனுப்புறதைத் தொடங்கி வைக்கிற ஓ-அசிங்க் ஃப்ளாகை முதல்ல போட்டுட்டு, சிக்-ஐஓவுக்குப் பதிலா எந்த சிக்னல்னு சொல்ற எஃப்-செட்சிக்கை அப்புறம் போட்டிருந்தேன், அந்த இடைவெளியிலேயே கவுன்டர் ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு (10 லட்சத்தைத் தொட்டுடுச்சு). அதனால ஓ-அசிங்க் எப்பவும் கடைசியிலதான் வரணும், ஈவென்டும் டிஸேபிள்டாவே பிறக்கணும்.

அதுக்கப்புறம்தான் நிஜமான தலைவலி. சிக்னல் வருது, எந்த ஈவென்ட்னு சொல்ற எஸ்ஐ-எஃப்டியும் சரியா இருக்கு, ஆனா ஹேண்ட்லருக்குள்ள (சிக்னல் வந்ததும் ஓடுற ஃபங்ஷன்) த்ரெட் ஐடி குடுக்கிற கெட்டிட் போட்டுப் பார்த்தா எல்லாமே மெயின் த்ரெட். உண்மையில துப்பு முன்னாடியே கண்ணு முன்னால இருந்துச்சு, மெயின்ல போட்டிருந்த ஸ்லீப் 10 செகண்ட் தூங்காம உடனே உடனே முழிச்சுக்கிட்டே இருந்துது. சிக்னல் யாருக்குப் போகணும்னு சொல்ற எஃப்-செட்ஓனுக்கு கெட்பிட் (ப்ராசஸ் ஐடி) குடுத்திருந்தேன், அப்படிக் குடுத்தா சிக்னல் மொத்த ப்ராசஸுக்கும் பொதுவாப் போகும், மெயின் அதை ப்ளாக் பண்ணலன்னா அதுவே வாங்கிக்கும். மேனுவலைப் படிச்சா ஒரு பழைய கதை இருக்கு: ஒரு காலத்துல எஃப்-செட்சிக்கோட சேர்த்தா எஃப்-செட்ஓன்ல த்ரெட் ஐடியே குடுக்கலாமாம், லினக்ஸ் கெர்னல் 2.6.12ல அது தவறுதலா விட்டுப் போச்சு, திரும்பவும் கொண்டு வரல. அதுக்குப் பதிலா 2.6.32ல வந்ததுதான் எஃப்-செட்ஓன்-ஈஎக்ஸ். அதோட டைப் ஃபீல்டுக்கு எஃப்-ஓனர்-டிட் (த்ரெட்டுக்குன்னு அர்த்தம்), பிஐடி ஃபீல்டுக்கு வொர்க்கரோட கெட்டிட், அந்த ரெண்டு வரி மாத்தினதும் நாலு த்ரெட்டும் தன்னுது தன்னுதை ஒழுங்கா வாங்குச்சு. நாலு த்ரெட் ஐடி வரிசையா வந்ததைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம்!

இத்தனை ஓவர்ஃப்ளோ வரைக்கும் ஈவென்ட் ஓடட்டும்னு சொல்ற ரீஃப்ரெஷ் ஐஆக்டில் கால் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1 குடுத்தா ஒரு ஓவர்ஃப்ளோ ஆனதும் போல்-ஹப்ங்கிற கோடோட சிக்னல் வரும், ஈவென்ட் தானா நின்னுடும், ஹேண்ட்லர் கடைசியில திரும்ப 1 குடுத்தா அடுத்த ரவுண்ட். இதனால ஹேண்ட்லரோட சொந்த இன்ஸ்ட்ரக்ஷன் கணக்குல சேராது, சேர்ந்தா நம்பர் முழுக்கக் குப்பை. புதுசா பிறக்கிற சைல்டுக்கும் ஈவென்டைக் கடத்துற இன்ஹெரிட் பிட் போட்டிருந்தா மட்டும் ரீஃப்ரெஷ் ஐன்வால்னு (செல்லாத ஆர்குமென்ட்ங்கிற எரர்) திருப்பி அனுப்பிடும், 0வும் குடுக்காதீங்க. ஹேண்ட்லருக்குள்ள பிரிண்ட்எஃப் வேண்டவே வேண்டாம், முன்னாடியே ஒதுக்கி வச்ச அரேல எழுதிட்டு வெளியே வந்துடுங்க.

வாடகை விபிஎஸ்ல (நெட்ல கிடைக்கிற விர்ச்சுவல் சர்வர்) இதை முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க, நான் எடுத்ததுல ஹார்ட்வேர் ஈவென்ட் கேட்டாலே ஈ-நோஎன்ட் (அப்படி ஒண்ணு இல்லைங்கிற எரர்). விஎம்முக்குள்ள பிஎம்யூவை (சிபியூவுக்குள்ள எண்ணுற ஹார்ட்வேர்) திறந்து விடலன்னா அப்படித்தான், சப்போர்ட்ல கேட்டேன், என்னன்னே அவங்களுக்குப் புரியல, காசு போனதுதான் மிச்சம். கடைசில செகண்ட்ஹேண்ட் கடையில ஒரு பழைய இன்டெல் லேப்டாப் வாங்கினேன், அதுல முதல் தடவையிலேயே ஓடுச்சு. பெர்ஃப் அனுமதியைக் கட்டுப்படுத்துற பாரனாய்ட் செட்டிங் 2ல இருந்தா, கெர்னல் பக்கத்தை எண்ணாம விடுற எக்ஸ்க்ளூட்-கெர்னல் போட்டுக்கிட்டா போதும், ரூட் வேண்டாம்.

இன்னும் பாக்கி இருக்கிறது ஸ்கிட், அதாவது சிக்னல் காட்டுற இடம் தள்ளிப் போறது. ஹேண்ட்லர்ல யூகான்டெக்ஸ்ட்ல (சிக்னல் வந்தப்போ த்ரெட் இருந்த நிலை) கிடைக்கிற அட்ரஸ் நிஜமா ஓவர்ஃப்ளோ ஆன இடத்தைத் தாண்டித்தான் நிக்குது. எக்ஸ்86ல பிஎம்யூ இன்டரப்ட் என்எம்ஐயா (தடுக்க முடியாத இன்டரப்ட்) வருது, அதுக்குள்ளேர்ந்து சிக்னல் அனுப்ப முடியாது, வேலையைத் தள்ளிப் போடுற ஐஆர்க்யூ-ஒர்க் வழியா அப்புறம்தான் கெர்னல் அனுப்பும். ஸ்கிட் வேண்டாம்னு கேட்கிற ப்ரிசைஸ்-ஐபி 2 போட்டாலும் சரியான அட்ரஸ் கெர்னல் எழுதுற ரிங் பஃபர்ல இருக்கிற சாம்பிளுக்குத்தான் கிடைக்கும், சிக்னல் ஃப்ரேமுக்கு வராது. அதனால அந்த பஃபரை எம்மேப் பண்ணி (நம்ம மெமரியில இணைச்சு) அங்கிருந்து படிக்கணும், ஒரு ஹெடர் பக்கமும் ரெண்டின் அடுக்குல டேட்டா பக்கங்களும், அது பாதி எழுதி நிக்குது.

அதுக்குள்ள கெர்னல் 5.13ல வந்த சிக்ட்ராப் பிட்டுக்கு மனசு தாவிடுச்சு. எஃப்-செட்சிக், எஃப்-செட்ஓன் மாதிரி எஃப்-கண்ட்ரோல் சமாச்சாரமே வேண்டாம், ஈவென்ட் நடந்த த்ரெட்டுக்கே ட்ராப்-பெர்ஃப் கோடோட சிக்-ட்ராப் வருது, நாம வச்ச 64 பிட் சிக்-டேட்டாவும் கூடவே வருது. எக்ஸெக் ஆனா ஈவென்டை எடுத்துடுற ரிமூவ்-ஆன்-எக்ஸெக் சேர்த்துப் போடலன்னா ஐன்வால். ப்ரேக்பாயிண்ட் ஈவென்டோட சேர்த்து ஒரு வேரியபிளை யார் எழுதுறாங்கன்னு பிடிக்கணும், ப்ரேக்பாயிண்ட் வைக்கிற டீபக் ரெஜிஸ்டர் எக்ஸ்86ல 4தான் இருக்கு, அதுக்குள்ள அடக்கணும். சனிக்கிழமை முதல்ல ரிங் பஃபர், அது முடிஞ்சாத்தான் இது.