பேனா என் கைக்கு வந்தபோது

இருபது நிமிடமாக யாரும் பேசவில்லை. மர பெஞ்சு முனகும் சத்தம் மட்டும்.

பிலடெல்பியா ஆர்ச் தெருவில், 200 வருடத்துக்கும் பழைய கூடம்; குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபடும் இடம். கூட வேலை பார்க்கும் தோழியின் கல்யாணம். நியூ ஜெர்சியிலிருந்து காலை ரயிலில் போயிருந்தேன்.

பாதிரியார் இல்லை. பாட்டு இல்லை. அந்த மௌனத்தின் நடுவே இருவரும் தாங்களாகவே எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கடவுள் முன்னும் நண்பர்கள் முன்னும் வாக்குக் கொடுத்தார்கள். அவள் குரல் நடுங்கியது. அப்புறம் மறுபடி மௌனம்.

கெட்டிமேளம் கேட்டே வளர்ந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

முடிந்ததும் ஒரு பெரிய தாளை விரித்தார்கள். அந்த வாக்குறுதியைக் கையாலேயே அழகாக எழுதியிருந்தார்கள். அதன் கீழே, கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், குழந்தைகள்கூட. ஆறு வயதுப் பையன் ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினான். கடைசி எழுத்து சரிந்து பக்கத்து வரிக்குப் போய்விட்டது. யாரும் திருத்தவில்லை.

நடத்திவைக்க ஆள் இல்லாத கல்யாணத்துக்கும் பென்சில்வேனியாவில் உரிமம் உண்டு. சட்டத்துக்கு 2 சாட்சி போதும். இவர்களுக்கோ வந்த அத்தனை பேரும் சாட்சி. எத்தனையோ கல்யாணத்தில் அட்சதை போட்டிருக்கிறேன். இவர்கள் நன்றாக வாழ நானும் பொறுப்பு என்று இன்றுதான் தோன்றியது.

அந்தப் பையனின் பெயருக்குக் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன்.