கேக்குக்குள் வந்த சாவி

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய காலத்தில், அயர்லாந்தில் ஜெயிலுக்குப் போவது களங்கமே இல்லை, ஓட்டு வாங்கித் தரும் தகுதி. 1917 மே மாதம் தெற்கு லாங்ஃபோர்டு இடைத்தேர்தலில் நின்ற ஜோசப் மெக்கின்னஸ், இங்கிலாந்தில் லூயிஸ் சிறையில் இருந்தபடியே 37 ஓட்டில் ஜெயித்தார். அடுத்த வருடம் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் ஹாலோவே சிறையிலிருந்தே ஜெயித்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். அங்கே போய் உட்காரவில்லை, அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது விடுதலைப் போராட்டத் தலைவர் ஈமன் டி வலேரா கதைதான். இங்கிலாந்தின் லிங்கன் சிறையில் பூசைக்கு உதவுகிற சாக்கில், பாதிரியாரின் சாவியை மெழுகுவர்த்தி மெழுகில் அச்செடுத்துவிட்டார் மனுஷன். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வெளியே போனது. பெரிய சாவியோடு கதவைத் திறக்கத் தடுமாறும் குடிகாரன் படம், அந்தச் சாவிதான் சிறைச் சாவியின் அளவு! முதலில் கேக்குக்குள் வந்த சாவிகள் பொருந்தவில்லை, கடைசியில் வெட்டாத சாவியும் அரமும் வரவழைத்து உள்ளேயே செய்துகொண்டார்கள். 1919 பிப்ரவரி 3 இரவு, வெளியே காத்திருந்த சக போராளி மைக்கேல் காலின்ஸ் அவசரத்தில் தன் சாவியைப் போட்டுத் திருக, அது பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. நல்லவேளை, டி வலேரா உள்ளிருந்து தன் சாவியால் தள்ளியதும் உடைந்த துண்டு வெளியே விழுந்தது. பிறகு, கூட வந்திருந்த இன்னொரு போராளி ஹாரி போலண்டின் ஃபர் கோட்டைப் போட்டுக்கொண்டு, காதலிகளோடு நின்றிருந்த சிப்பாய்களைத் தாண்டி நடந்தே போய்விட்டார்.

இரண்டே மாதத்தில், போராளிகள் தாங்களே அமைத்த அயர்லாந்து நாடாளுமன்றத்தின் தலைவர். 1923-ல் எனிஸ் நகரத் தேர்தல் கூட்டத்தில் மறுபடி பிடித்தார்கள், இந்த முறை பிடித்தது, பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையால் அமைந்த சொந்த நாட்டு அரசே; அந்த உடன்படிக்கையை அவர் ஏற்கவில்லை. கிளேர் தொகுதிக்காரர்கள் அப்போதும் அவரைத்தான் ஜெயிக்க வைத்தார்கள்.