நனைந்த அலகு: ‘நீர்’ தலைப்புப் போட்டிக்குக் கத்தியைப் படம் எடுத்துப் பார்த்ததில் தெரிந்தவை

கையால் செய்த கத்திகளுக்கான புகைப்படப் போட்டி, தலைப்பு ‘நீர்’. விதிகள் வழக்கமானவைதான்: கத்தி அனுப்புகிறவரே செய்ததாக இருக்க வேண்டும், ஒரே படம், இரண்டு படங்களை ஒட்டிச் சேர்க்கக் கூடாது, தலைப்பு படத்திலேயே தெரிய வேண்டும். சிக்கல் கடைசி விதியில். எடுத்துக்கொண்ட கத்தி 1095 கார்பன் எஃகு: அலகு 20 செ.மீ நீளம், 3 செ.மீ அகலம், முதுகில் 3 மி.மீ கனம், நீளவாக்கில் உப்புத்தாள் போட்ட சாட்டின் ஃபினிஷ் (மெல்லிய கோடுகளோடு மிதமான பளபளப்பு), அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே பித்தளை கார்டு, எண்ணெய் ஊட்டிய மரக் கைப்பிடி. தண்ணீர் பட்டால் இது எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று கத்தி செய்கிற எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 14சி28என் போன்ற துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் பாதித் தொல்லை குறையும். ஆனால் சொந்தப் பட்டறையில் சின்ன உலை வைத்துப் பதம் ஏற்றுகிற பலர் கையில் இருப்பது கார்பன் எஃகுதான் என்பதால் அதிலேயே செய்து பார்த்தது.

தண்ணீரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, உலர்ந்த கத்திக்கு ஒளி அமைப்பதில் தொடங்குவது நல்லது. உலர்ந்த அலகில் சரிவராத ஒளி நனைந்த அலகில் இன்னும் மோசமாகும்.

மெருகேறிய எஃகுக்கு என்று தனி நிறம் கிடையாது, எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். விளக்கை நேராக அடித்தால் ஒரு இடத்தில் வெள்ளைப் பொட்டு, மற்றதெல்லாம் கறுப்பு. விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் பொட்டு மட்டும்தான் மாறும். அதனால் அலகுக்கு எதிரே பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்று வேண்டும். சட்டத்தில் இழுத்து ஒட்டிய ட்ரேசிங் பேப்பர் போதும், பின்னால் ஒரு எல்.ஈ.டி விளக்கு. மேசையில் கிடக்கும் அலகை கேமரா செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து பார்க்கிறது என்றால், தாள் எதிர்ப்பக்கம் அதே 30 டிகிரியில் நிற்க வேண்டும்.

தாள் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. கேமரா அலகிலிருந்து 1 மீட்டர், தாள் அரை மீட்டர் என்றால், 20 செ.மீ அலகு முழுக்க வெள்ளையாகத் தெரியத் தாளில் 20 × 1.5, அதாவது 30 செ.மீ தேவை. இது தட்டையான கண்ணாடிக்கான கணக்கு. கத்தியின் அலகு அப்படித் தட்டையாக இருப்பதில்லை. முதுகில் 3 மி.மீ கனம், கூரில் பூஜ்யம் என்று முழுச் சரிவாகத் தேய்த்த அலகில், ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ தூரத்தில் 1.5 மி.மீ இறங்குகிறது. சரிவு ஏறக்குறைய 3 டிகிரி. பரப்பு ஒரு டிகிரி சாய்ந்தால் பிரதிபலிப்பு இரண்டு டிகிரி நகரும் என்பதால், கைப்பிடியை ஒட்டிய தட்டைப் பகுதியும் சரிவும் தாளில் 5 செ.மீ இடைவெளி விட்டு இரண்டு வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன. தாளின் ஓரம் அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தால் தட்டைப் பகுதி வெள்ளையாகவும் சரிவு கரியாகவும் வரும். “அலகு ஏன் பாதி கறுப்பாக வருகிறது” என்று கேட்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். 45 × 60 செ.மீ தாளுக்குப் போனதும் இந்தத் தொல்லை போய்விட்டது.

முழுக்க ஒரே வெள்ளை என்றாலும் அழகில்லை, வெட்டி ஒட்டிய தகரம்போலத் தெரியும். விளக்கைத் தாளின் நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்துக்கு, 15 செ.மீ நெருக்கத்தில் கொண்டுவந்தால் தாளிலேயே வெளிச்சம் படிப்படியாக மங்கும். அந்த மங்கல் அப்படியே அலகில் முதுகிலிருந்து கூர்வரை இறங்கும். தட்டைப் பகுதியும் சரிவும் சந்திக்கும் ப்ளஞ்ச் கோடு அப்போதுதான் எடுப்பாகத் தெரிகிறது. நடுவர் முதலில் பார்க்கும் இடங்களில் அது ஒன்று, மறைத்துவிட்டால் சந்தேகம்தான் வரும். கூரின் ஓரம் வெளிர்ந்த பின்னணியில் கரைந்துபோனால் 3 செ.மீ அகலத்தில் ஒரு கறுப்பு அட்டைப் பட்டையைத் தாளின் மங்கிய ஓரத்தில் ஒட்ட வேண்டும். கூரை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு விழும்.

அலகைச் சாய்த்துச் சரிசெய்யப் பென்சில் அழிப்பான் துண்டுகளை முதுகுக்கு அடியில் கொடுத்தால் போதும். கால் மில்லிமீட்டர் ஏற்றினாலே தோற்றம் மாறும். அறையில் வேறு விளக்கு எரியக் கூடாது: ஜன்னலின் நீலமும் பல்பின் மஞ்சளும் கலந்தால் எஃகு இரண்டு நிறமாகிவிடும், பிறகு மென்பொருளில் பிரிப்பது பெரும்பாடு. எடுக்கிறவர் சட்டையும் கணக்கில் சேரும். சிவப்புச் சட்டையோடு குனிந்தால் ரிக்காஸோவில், அதாவது கைப்பிடியை ஒட்டிய தட்டைப் பகுதியில், சிவப்பு ஏறும்.

கேமரா அமைப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏ.பி.எஸ்-சி சென்சாரில் 50 மி.மீ லென்ஸ், 1 மீட்டர் தூரம், அகலவாக்கில் 45 செ.மீ பரப்பு அடங்கும். லென்ஸ் துவாரம் எஃப்/8-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 12 செ.மீ. ஐ.எஸ்.ஓ 100, ட்ரைபாட், 2 நொடி டைமர். எஃப்/16-க்கு மேல் போனால், சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் சாட்டின் கோடுகளே மழுங்குகின்றன. ஃபோனில் எடுப்பவர்கள் பிரதான லென்ஸில் நெருங்கிப் போகக் கூடாது, முனை பெருத்துக் கைப்பிடி சூம்பித் தெரியும். 2 மடங்கு லென்ஸுக்கு மாற்றித் தள்ளி நின்று எடுக்க வேண்டும்.

இனி தண்ணீர். எண்ணெய் துடைத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்த 1095 அலகில் வெறும் தண்ணீரைத் தெளித்தால் இரண்டு கெடுதல். ஒன்று, சுத்தமான எஃகில் தண்ணீர் துளியாக நிற்காது, படலமாகப் பரவும். படத்தில் அது நீர் என்றே தெரியாது, அழுக்குபோலத் தெரியும். இரண்டாவது துரு. ஒரு துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் நிறையக் கிடைக்கிறது, நடுவில் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வால் நடுவில் இரும்பு கரைகிறது, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே துரு வளையமாகப் படிகிறது. ஒளியைத் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் வளையம் விழுந்துவிடும். துடைத்தாலும் சாம்பல் நிறக் கறை நிற்கும், மறுபடி உப்புத்தாள் எடுக்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. விரல் நுனியளவு எடுத்துத் துணியில் தேய்த்து அலகு முழுக்கத் தடவி, காயவிட்டு, வேறு துணியால் நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். மெழுகுப் பரப்பில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு நிற்கும், எஃகையும் நேரே தொடாது. அதிகம் தடவினால் சாட்டின் கோடுகளுக்குள் மெழுகு அடைத்து மங்கல் திட்டுகளாகத் தெரியும். தடவியது கண்ணுக்கே தெரியாத அளவுதான் சரியான அளவு. இந்த நேரத்திலிருந்து பருத்திக் கையுறை கட்டாயம், மெழுகின் மேல் விரல்ரேகை பதிந்தால் ஒளியில் துல்லியமாகத் தெரியும். 15என்20 என்ற நிக்கல் எஃகையும் கலந்து அடுக்கடுக்காக அடித்து ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்த டமாஸ்கஸ் அலகுக்கு மெழுகு கூடுதல் லாபம்: கறுப்பு இன்னும் ஆழமாகி வரிகள் பிரிந்து தெரியும்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் காய்ந்ததும் வெள்ளை வட்டமாகத் தங்கும். அதோடு சம அளவு கிளிசரின் சேர்த்தால் துளிகள் விளக்குச் சூட்டில் வற்றாமல், நழுவாமல் நெடுநேரம் நிற்கும். வெறும் தண்ணீரில் முதல் படத்துக்கும் பத்தாவது படத்துக்கும் துளிகளின் உருவமே மாறிவிடுகிறது. ஸ்ப்ரே பாட்டிலை அரை மீட்டர் மேலேயிருந்து தெளித்தால் பொடித்துளி, பெரிய துளிகளை ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஒவ்வொன்றாக வைக்கலாம். இரண்டும் கலந்தால்தான் இயல்பாக இருக்கிறது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் விளம்பரப் படத்தின் குளிர்பான பாட்டில் ஞாபகம் வரும்.

துளி எங்கே விழ வேண்டும் என்பதே இந்தப் படத்தின் முக்கிய முடிவு. முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அலகில் மட்டும் துளிகள். ப்ளஞ்ச் கோடு, கார்டு எஃகோடு சேரும் மூட்டு, செய்தவர் முத்திரை மூன்றும் உலர்ந்தே இருக்க வேண்டும். தெளிக்கும்போது அந்தப் பகுதியை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டால் போதும். அலகு முழுக்கத் துளி அடித்த படங்களைப் பார்த்தால், கீறலை மறைக்கத்தான் அடித்திருப்பார்களோ என்று கத்தி தெரிந்தவர் முதலில் நினைப்பார். மூட்டில் தண்ணீர் புகுந்தால் கைப்பிடிக்குள் இருக்கும் எஃகின் வால்பகுதி துருப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது. எண்ணெய் ஊட்டிய மரம் நனைந்தால் நார் எழும்பிச் சொரசொரப்பாகும், பிசினில் துணியோ தாளோ அழுத்திச் செய்த மைக்கார்ட்டாவுக்கு அந்தக் கவலை இல்லை.

நெருங்கிப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ். 4 மி.மீ துளிக்குள் ட்ரேசிங் பேப்பர் முழுதும் சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது, துளியின் கீழ்ப்பக்கம் சாட்டின் கோடுகள் பெரிதாகி வளைந்து ஓடுகின்றன. வெள்ளைத் தாள் மட்டும் இருந்தால் துளிக்கும் எஃகுக்கும் வேறுபாடு குறைவு, துளி அலகில் கரைந்துவிடும். முன்பு சொன்ன கறுப்புப் பட்டையை 3 செ.மீயிலிருந்து 8 செ.மீ ஆக்கியதும் துளிகளுக்குக் கறுப்பு விளிம்பு கிடைத்துத் திரண்டு நின்றன. இந்த அமைப்பில் அதிகப் பலன் தந்த ஒற்றை மாற்றம் இதுதான்.

லென்ஸின் முன் போலரைசர் வடிகட்டி போட்டால் கண்ணைக் கூசும் பளபளப்பு போகும் என்று பலர் சொல்வார்கள். எஃகுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது: அது முனைவாக்கம் பெற்ற, அதாவது ஒரே தளத்தில் அதிரும், ஒளியைத்தான் தடுக்கும்; உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி போதிய அளவு முனைவாக்கம் பெறுவதில்லை. வார்னிஷ் பூசிய கைப்பிடியிலும் தண்ணீரிலும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இங்கே துளியின் மினுக்கத்தையே அது விழுங்கிவிடுவதால் கழற்றி வைத்தாயிற்று.

ஓடும் தண்ணீரைக் கூர் இரண்டாகப் பிளப்பதுபோல ஒரு படமும் முயன்றதுண்டு. ஃபிளாஷை 1/32 சக்தியில் வைத்தால் பல ஃபிளாஷ்களில் ஒளிரும் நேரம் 1/10,000 நொடி அளவுக்கு இறங்கும், நீர் கண்ணாடிபோல உறைந்து நிற்கும். படம் ஆர்ப்பாட்டமாக வந்தது, கத்திதான் காணவில்லை: நீர்த்திவலை ப்ளஞ்சையும் கார்டையும் மூடிவிட்டது. முயல்கிறவர்கள் தோல் கொடுத்துக் கைப்பிடியை வைஸில் (பட்டறைப் பிடியில்) இறுக்கி, ஊற்றும் கை கூருக்கு மேலே வராதபடி குழாய் வைத்து, ஷட்டரை ரிமோட்டில் இயக்க வேண்டும். நனைந்த கையும் மேல்நோக்கிய கூரும் சேரவே கூடாது.

கணினியில் செய்தது கொஞ்சம்தான். க்ரே கார்டை (நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) வைத்து வெள்ளைச் சமநிலை, தூசி நீக்கம், அவ்வளவே. வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் முட்டும் துளி மினுக்கங்களை அப்படியே விடலாம். அலகின் வெள்ளை முட்டினால்தான் எடுத்த படமே வீண், கோடுகள் திரும்பி வராது. படத்தை 2,048 பிக்செலுக்குச் சுருக்கும்போது சாட்டின் கோடுகள் அலையலையாக மோய்ரே காட்டின. முதலில் அலகின் மேல் மட்டும் அரை பிக்செல் மங்கலாக்கி, சுருக்கி, பிறகு கூர்மையாக்கியதில் சரியாயிற்று.

படம் முடிந்த உடனே கிளிசரினைக் கழுவியாக வேண்டும், அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். காய்ச்சி வடித்த நீரில் கழுவி, துடைத்து, கார்டு மூட்டில் ஹேர் டிரையரின் குளிர்காற்று, பிறகு மெல்லிய மினரல் எண்ணெய்.

இப்போது அனுப்பத் தகுந்ததாக நிற்பவை இரண்டு. ஒன்றில் முனை இடப்பக்கம், துளிகள் அடர்த்தி, மற்றதில் துளிகள் பாதிதான். 300 பிக்செல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தால் முதலாவதில் நீர் சட்டென்று தெரிகிறது, கத்தியின் வடிவம் இரண்டாவதில் தெளிவு. பித்தளை கார்டின் மேல்விளிம்பு இரண்டிலும் சற்றே எரிந்திருக்கிறது. அங்கே ஒரு விரல் அகல ட்ரேசிங் பேப்பர் கூடுதலாக ஒட்டி, இரண்டாவது அமைப்பில் துளிகளை முனைப் பக்கம் கொஞ்சம் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும்.