அப்பாவின் துறையூர் வண்டி

ஜூன் 4

இன்றும் தெருமுனையிலிருந்துதான் அப்பாவைக் கூட்டி வந்தேன். மணி ஐந்தரை ஆகிவிட்டால் போதும், செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். "டிப்போவுக்கு நேரமாச்சு, வண்டி எடுக்கணும்." கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி 18 வருஷம் ஆச்சுப்பா என்று நான் சொல்ல, அவர் கத்த, எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்க்க... சரி, விடுங்கள்.

ஜூன் 11

மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவர்களுக்கான பகல்நேர மையத்தில் அப்பாவைச் சேர்த்தாயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரம், மொத்தம் 14 தடவை. அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்று பெயர். இங்கிலாந்தில் உருவானது, சென்னையில் மனநலத்துக்காக இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் நம் ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறதாம். பயிற்சி கொடுக்கும் பெண் முதலில் திருத்தியது என்னைத்தான். "இன்னைக்கு என்ன கிழமை, இது யாருன்னு பரீட்சை வைக்காதீங்க. அபிப்பிராயம் கேளுங்க." கிழமையைத் தப்பாகச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். பிடித்தது எது என்றால் தப்புக்கே இடமில்லை.

ராத்திரி கேட்டுப் பார்த்தேன், தேங்காய்ச் சட்னியா காரச் சட்னியா என்று. துறையூரில் டீ குடிக்கிற கடையின் காரச் சட்னி பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்.

ஜூன் 20

மகனின் மரத்துண்டுப் புதிரை எடுத்து முன்னால் வைத்தேன். "இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்று தள்ளிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

ஜூலை 2

பரணிலிருந்து அவருடைய பழைய தோல்பையை இறக்கினேன். ஒரு கிண்ணம் சில்லறை, கொஞ்சம் பத்து ரூபாய் நோட்டு. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டார். நாணயங்களைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பைக்குள் விட்ட விரலே தடவித் தடவி ஒன்று, இரண்டு, ஐந்து என்று பிரித்துப் போட்டது. காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி இட்லி கேட்ட மனுஷர்! கை பழகிய வேலை மற்ற ஞாபகங்களைவிட ரொம்ப நாள் நிற்குமாம்.

ஜூலை 19

எல்லா நாளும் இப்படி இல்லை. நேற்று பையை வீசி எறிந்தார். கலெக்‌ஷன் குறைகிறதாம், நான்தான் எடுத்தேனாம். இந்தப் பயிற்சியால் நோய் நின்றுவிடும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல.

ஜூலை 27

பொழுது சாயும்போதுதான் பரபரப்பு கூடுகிறது என்பதால் ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். அப்புறம் கூடத்திலிருந்தே துறையூர் வண்டி கிளம்பும். இரண்டு நாற்காலி, நானும் மகனும் பயணிகள், பழைய காலண்டர் தாளை வெட்டி டிக்கெட் கட்டு. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். டோல்கேட், மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை, புலிவலம் என்று வரிசை பிசகாமல் குரல் கொடுத்தார். செருப்பு ஞாபகமே வரவில்லை.

மகன் பத்து ரூபாயை நீட்டி, "திருவெள்ளறை ஒண்ணு" என்றான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"தாத்தா, மீதி?"

"இறங்கும்போது வாங்கிக்கப்பா."

ரெண்டு விசில். மீதிக்காசு இன்னும் வரவில்லை என்று அவன் தூங்கும்வரை புலம்பிக்கொண்டிருந்தான்.