பன்னிரண்டு முட்டைகள்

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு வாரம். சத்துணவு முட்டை ஏற்றிப் போகும் வண்டிக்கு ஆள் வரவில்லை என்று நானே ஏறிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து அப்போது மூன்று வருடம். முட்டை பண்ணை வாசலைத் தாண்டிவிட்டால் என் வேலை முடிந்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஒரு மலைக்கிராமப் பள்ளியில் தட்டுகளை இறக்கினோம். சத்துணவு அமைப்பாளர் அம்மா ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியே ஒதுக்கினார். எண்ணி முடித்து என்னிடம் கேட்டார்: “பன்னெண்டு குறையுதுங்க தம்பி. எந்தப் புள்ளைக்கு இல்லைன்னு சொல்லட்டும்?”

ஏற்காட்டுக் கடையில் வாங்கி வந்து ஈடுகட்டினோம். இறங்கும்போது வளைவுகளின் மேல் பழியைப் போட்டேன். ஓட்டுநர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “வளைவு எல்லா மாசமும்தான் இருக்குது. இப்பத்தானே உடையுது?”

அவர் சொன்னது சரி. கோழிக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு இளைக்கும். அப்படி இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் இரத்தத்தில் குறைந்துவிடும். தீவனமும் எடுக்காது, சுண்ணாம்புச் சத்தும் உள்ளே போகாது. ஒரு முட்டைக்கு ஓடு கட்டிமுடிக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவு. பகல் முழுக்க இளைத்த கோழி இரவில் எதை வைத்துக் கட்டும்? படித்த பாடம்தான் இது. அந்த அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

கூரைக்குத் தண்ணீர் தெளிப்பான் போட்டோம். தீவனத்தை அதிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றினோம். சுண்ணாம்புச் சத்துக்காகச் சாயங்காலத் தீவனத்தில் கிளிஞ்சலைக் கூட்டினோம். விரிசல் குறைந்தது, ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

உணவுப் பாதுகாப்பு என்றால் நமக்கு நெல்லும் கோதுமையும் அடுக்கிய கிடங்குதான் நினைவுக்கு வரும். அது வேண்டியதுதான். ஆனால் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறதே, அதை மூட்டை கட்டி இரண்டு வருடம் அடுக்கிவைக்க முடியுமா? இன்றைக்குக் கோழி இட்டால்தான் இந்த வாரம் பிள்ளையின் தட்டில் முட்டை. 1989இல் தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சேர்ந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றுதான் கொடுத்தார்கள். 2010 முதல் வாரம் ஐந்து. அந்த ஐந்தைக் கொடுக்க முடிவதற்குக் காரணம், நாமக்கல்லிலும் இங்கேயும் கூப்பிடு தூரத்தில் பண்ணைகள் இருப்பதுதான். 1996 இறுதி வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தானே.

கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம். பண்ணைச் செலவில் பெரும்பங்கு அதற்கே போகிறது. தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அதில் ஒரு பகுதி கெங்கவல்லி, தலைவாசல் காடுகளில் விளைந்து வருவது. 2018இல் படைப்புழு வந்தபோது குருத்துக்குள் கையை விட்டுப் பார்த்த ஒரு விவசாயி, பேசாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் காட்டில் விழுந்த புழு எங்கள் தீவனக் கணக்கில் ஏறியது. அவருக்கு விளைந்தால்தான் எங்களுக்குக் கட்டும். எங்களுக்குக் கட்டினால்தான் மலைமேல் முட்டை போகும்.

2020 மார்ச்சில் கோழி, முட்டை சாப்பிட்டால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட, விலை அடிமட்டத்துக்குப் போனது. விற்ற காசு தீவனத்துக்கே கட்டவில்லை. ஆலை என்றால் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கோழிக்கு யார் சொல்வது, ஒரு மாதம் முட்டை போடாதே என்று? சில சிறு பண்ணையாளர்கள் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கவே இல்லை. குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வர நாலரை மாதமாவது வேண்டும். இன்று காலியாகும் கொட்டகை அரை வருடம் கழித்துத்தான் ஊருக்குத் தெரியும். விலை விழும்போது சிறு பண்ணையைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது, முட்டைக்கு அப்படி ஒன்று இல்லை.

ஆளுக்கு வருடம் 180 முட்டை வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 2023-24 கணக்குப்படி நாட்டில் கிடைப்பது தலைக்கு நூற்றுச் சொச்சம். முட்டை உற்பத்தியில் இரண்டாம் இடத்தில் இருக்கும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த இடைவெளியை மறந்துவிடுவது சுலபம்.

இப்போது மலைக்குப் போகும் தட்டுகளை, வண்டி கிளம்பும் முன் நானே ஒருமுறை பார்க்கிறேன். இந்த வருடம் மாசி பிறந்ததுமே கிளிஞ்சல் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டோம்.